ஜன்னல் வேண்டாம் என்றான் அனிபால்

இர்மா ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது அனிபாலுக்கு அந்த யோசனை வந்தது. இருவருக்கும் மொந்தேவிதேயோ நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசின் நாலாம் மாடியில் வேலை. அடுத்தடுத்த தடுப்பறை. இருபத்திரண்டு வருஷமாக நடுவில் ஒரு சாம்பல் நிறத் தடுப்பு. அதற்கு மேலேதான் இர்மாவின் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வரும். அவள் உறிஞ்சி முடிக்கும் சத்தம் கேட்டதும் இவன் கையை நீட்டுவான். அவன் அவள் முகத்தைப் பார்த்ததைவிடக் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

மனசில் இருப்பதை வாயால் சொல்ல அனிபாலுக்கு வராது. வரவே வராது. அதனால் கம்ப்யூட்டரிடம் சொல்லி, அவள் தடுப்பறையைப் படமாக வரையவைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தான். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தட்டுவான். அது என்ன செய்யும்? பெரிய ஜன்னல் வைத்து, வெயிலைக் கொட்டி, பல்லைக் காட்டும் இளம்பெண் ஒருத்தியை உட்காரவைத்துவிடும்.

ஜன்னல் வேண்டாம் என்று தட்டினான். ஜன்னலை எடுத்துவிட்டுக் கடல் படத்தை மாட்டியது. கடலும் வேண்டாம் என்றான். இடது பக்க டியூப்லைட் மங்கல், குண்டூசி குத்திக் குத்திப் பொத்தலான மூலை, மேஜையில் ஒரு வட்டக் கறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எட்டு நாள் போராட்டம். ஒன்பதாம் நாள் வந்தது, அச்சு அசலாக அந்த அழுமூஞ்சி அறை. அனிபாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னலோர வால்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா இது, ஜெயிலா?"

"இர்மாவோட இடம்."

"விடுதலையாகிப் போறவளுக்கு ஜெயிலையே படமா குடுப்பியா? செருப்பால அடிப்பா. ஒரு ரோசாப்பூவாவது போடுய்யா!"

"அங்க ரோசாப்பூ இருந்ததே இல்ல."

பதில் சொன்னானே தவிர, தைரியம் போய்விட்டது. அச்செடுத்திருந்த படத்தைத் தன் மேஜைக் காலண்டருக்குள் செருகி வைத்தான்.

மறுநாள் வருஷத்தின் கடைசி வேலை நாள். பழைய காலண்டரைத் தாள் தாளாகக் கிழித்து ஊரே தெருவில் பறக்கவிடும் நாள். கொடுத்தே தீருவது என்று முகம் கழுவிக்கொண்டு அனிபால் திரும்பி வந்தால், மேஜையில் காலண்டர் இல்லை. வால்டரின் ஜன்னலில் நின்று இர்மா அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.

"எங்கய்யா போன? உன்னோடதையும் சேத்துக் கிழிச்சாச்சு. எனக்குக் கடைசி வருஷம்ல, ரெட்டைப் பங்கு வேணாமா?"

அனிபால் ஐம்பத்தெட்டு வயசில் நாலு மாடி இறங்கி ஓடினான். தெருவில் கணுக்கால் வரை காகிதம். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் வருஷக் கடைசி வழக்கப்படி வாளித் தண்ணீரை வேறு ஊற்றியிருந்தார்கள். மண்டியிட்டுத் துழாவினான். பின்னாலேயே இர்மா வந்துவிட்டாள்.

"என்ன தேடுற? லாட்டரிச் சீட்டா?"

"ஒரு படம். உனக்குன்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சது."

"அடப்பாவி, நானே வீசிட்டேனா? கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்புறம் எதுக்குய்யா இந்த ஓட்டம்?"

அனிபால் அப்போதுதான் யோசித்தான். தெருவோரத்து ஈரக் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். டியூப்லைட், பொத்தல், கறை எல்லாவற்றையும் சொன்னான். வால்டர் சொன்ன ஜெயிலையும் மறைக்கவில்லை. இர்மா சிரிக்கவில்லை.

"அந்தக் கறை நீ ஊத்தின பசைப்பா. வந்த முதல் மாசமே" என்றாள். "நாற்காலில யாரு?"

"யாருமில்ல. உன்னை அதுக்கு வரையத் தெரியல. யாரோ ஒரு பொண்ணை உக்கார வச்சுது, நான் விடல. காலியாவே இருக்கட்டும்னுட்டேன்." மூச்சு வாங்கினான். "அடுத்த வாரம் நான் அந்தக் காலி இடத்தைப் பாத்துக்கிட்டுதானே உக்காரணும், இர்மா."

சொல்லிவிட்டான். இர்மா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லு" என்றாள்.

இருவர் வீட்டுப் பக்கமும் போகும் பஸ் மூன்று முறை வந்து போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.