ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள்

அடுப்பு அணைந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தால் இஜ்ஜாவுக்குப் போதாது. கையை வைத்துப் பார்க்க வேண்டும். எரிவாயு உருளையின் திருகை இன்னொரு முறை முடுக்க வேண்டும். அதன்பிறகு, மாவு எந்தப் பானையில், சர்க்கரை எந்த டப்பாவில், வீட்டுப் பத்திரம் எந்தப் போர்வைக்கு அடியில் என்று கணவன் பெலயித்திடம் ஒப்பித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். நேற்றும் சொன்னாள், நாளைக்கும் சொல்வாள். அவனும் புதிதாகக் கேட்கிறவன் போலத் தலையாட்டுவான். ஒருநாள் அவள் திரும்பி வராமல் போனால், இந்த மனிதன் சர்க்கரைக்குத் தவிக்கக் கூடாதே.

மொராக்கோவில், தாரூதந்த் நகர மதிலுக்கு வெளியே ஒரு முற்றமும் ஓர் அறையும் கொண்ட வீடு அவர்களுடையது. அறைக்கு இன்னும் கதவு கிடையாது. பழைய கம்பளி ஒன்று தொங்குகிறது. பெலயித் தெருவுக்குப் பொதுவான ரொட்டிச் சூளையில் வேலை செய்கிறான். விரலிலிருந்து முழங்கை வரை தீ எழுதிய கோடுகள். இஜ்ஜா ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். வயது நாற்பத்திரண்டு. ஒடிசலான உடம்பு, இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு. தலைத்துணியின் ஓரத்தை மடித்து, உள்ளே ஒரு காகிதத்தை வைத்துத் தைத்திருக்கிறாள். மருந்துக்கடைக்காரரிடம் எழுதி வாங்கியது: அவள் பெயர், கணவன் பெயர், சூளையின் தொலைபேசி எண். துணியைத் துவைக்கும்போது பிரித்தெடுப்பாள். காய்ந்ததும் முதல் வேலையாகத் தைப்பாள்.

காகிதமும் தழும்பும் ஒரே நாளில் வந்தவை. பழம் பறிக்கும் பெண்களைப் பிக்கப் வண்டியின் பின்தட்டில் நிற்கவைத்து, தோளோடு தோள் இடிக்க அடைத்துக் கொண்டுபோவதுதான் அங்கே வழக்கம். போன குளிர்காலத்தில், இருபத்தெட்டுப் பேரை ஏற்றிய வண்டி வறண்ட ஆற்றின் வளைவில் கவிழ்ந்தது. இஜ்ஜா நெற்றி கிழிந்து பிழைத்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பிழைக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து அன்றுதான் முதன்முறையாக வேலைக்கு வந்தவள். கூட வந்தவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. மாலைத் தொழுகை வரை மருத்துவமனையில் பெயரில்லாமலே கிடந்தாள்.

அதற்குப் பிறகு இஜ்ஜாவால் வண்டியில் ஏற முடியவில்லை. தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். நடந்தாள். விடியுமுன் புறப்பட்டாலும் பல நாள் மேஸ்திரி வாயிற்கதவைச் சாத்தியிருப்பான். வந்த வழியே திரும்புவாள். இப்படியே போனால் பெயரையே அடித்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். அன்று சூளையிலிருந்து வந்த பெலயித், கதவுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“கம்பளி இன்னும் கிழியல. சைக்கிள் வாங்குவோம்” என்றான்.

அந்த ஊருக்குள் ஆணும் பெண்ணும் சைக்கிளில்தான் போவார்கள். மலையூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இஜ்ஜா மட்டும் அதைத் தொட்டதில்லை.

ஞாயிற்றுச் சந்தையில் பழைய சைக்கிள் விற்கும் ஹாஜியிடம் போனார்கள். பெலயித் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், சங்கிலியை இழுத்துப் பார்த்தான், தெரிந்தவன் போல இரண்டு முறை கனைத்தான். நீள அங்கியோடு ஏற வசதியாகக் குறுக்குக் கம்பி இல்லாத பச்சை சைக்கிள் ஒன்று இருந்தது. முன்னால் கூடை, கைப்பிடியில் மணி, பின்னால் அகலமான கேரியர். இஜ்ஜா இரண்டடி தள்ளி நின்றே பார்த்தாள். திருட்டு வண்டியாக இருந்தால், வழியில் யாராவது அடையாளம் கண்டு மறித்தால் என்ன செய்வது? கேட்டேவிட்டாள். ஹாஜி கோபப்படவில்லை. விற்றவருடைய அடையாள அட்டையின் நகலை எடுத்துக் காட்டினார். மூட்டுவலி வந்து ஓட்ட முடியாமல் போன ஒரு பள்ளி ஆசிரியை. அந்தப் பெயரைப் பெலயித் வாசிக்க, இஜ்ஜா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நிக்குமா?”

“எல்லாரும் ஓடுமான்னுதான் கேப்பாங்க. நீ ஒருத்திதான் தங்கச்சி, நிக்குமான்னு கேக்குற.”

“ஓடுறதப் பத்தி எனக்குக் கவலையில்ல, ஹாஜி. நிக்கணும்.”

ஹாஜி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். இன்னொரு முறை என்றாள். மூன்றாவது முறையும் ஓடியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பெலயித் வெட்கப்பட்டுப் பக்கத்துக் கடைப் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறுநூறு திர்ஹம் என்று தொடங்கிய விலை ஐந்நூறு வரை வந்து அங்கேயே நின்றது. இவர்களிடம் நானூற்றைம்பதுதான். கடைசியில் ஹாஜி திருப்புளியை எடுத்து முன்கூடையைக் கழற்றிக்கொண்டார். அடுத்து மணியில் கை வைத்தபோது இஜ்ஜா குறுக்கே வந்தாள்.

“கூடை போனாப் போகட்டும். மணி இருக்கட்டும் ஹாஜி. நான் வர்றது நாலு பேருக்குத் தெரியணும்ல.”

மணி இருந்தது.

வீடு வரை அதை யாரும் ஓட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடத்திக்கொண்டே வந்தார்கள், சந்தையில் வாங்கிய கன்றை ஓட்டி வருவதுபோல. சந்து முனையில் பெலயித் மணியை அடித்தான். பெண்கள் வாசலுக்கு வந்து வாழ்த்தினார்கள். அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அதற்கு எதிரே இருவரும் உட்கார்ந்து, விருந்தாளி வந்தால் போடுவதுபோல் கை நிறையச் சர்க்கரை அள்ளிப் போட்டுத் தேநீர் குடித்தார்கள். நடுவில் இஜ்ஜாவுக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று பெலயித் மறுநாள் சூளையில் சொல்லிக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கியதும் எழுந்துபோய் டயரைத் தொட்டாள். இத்தனை மெல்லியதா என்று அவள் கேட்க, அவன் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினான்.

பதினொரு நாள், மாலை வேளைகளில், மதிலடி வெற்றிடத்தில் பயிற்சி. அவன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். ஒவ்வொரு மிதிக்கும் அவள் ஒரு பிஸ்மில்லா சொன்னாள். முழங்கால் தோல் போயிற்று, மணிக்கட்டு வீங்கிற்று. தனியாக ஓட்ட வந்தபிறகும் எங்காவது இன்ஜின் சத்தம் கேட்டால் தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ளும். கைப்பிடி தானாக ஆடும். “அது அந்தத் தெருவுல போகுது இஜ்ஜா, நம்மகிட்ட வரல” என்பான் பெலயித். அவளுக்கும் தெரியும். தோளுக்குத்தான் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை தனியாகச் சாலையில் இறங்கினாள். ஐந்து கிலோமீட்டர் நன்றாகவே போனாள். வறண்ட ஆற்றின் வளைவு நெருங்கும்போது பின்னால் அந்தச் சத்தம். பெண்களை ஏற்றிய பிக்கப் அது என்று திரும்பாமலே தெரிந்தது. கை ஆடியது, சாலை நழுவியது, சைக்கிளோடு வாய்க்காலில் போய் விழுந்தாள். முட்டளவு சேறுதான். ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றாமல், தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

வண்டி சற்றுத் தள்ளி நின்றது. டிரைவர் கெட்டவனில்லை. இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். அதையும் ஏற்றிக்கொள்கிறேன், நீயும் ஏறு, இல்லையென்றால் மேஸ்திரி கதவைச் சாத்திவிடுவான் என்றான். சொன்னது நியாயம்தான். இஜ்ஜா நிமிர்ந்து பார்த்தாள். பின்தட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றார்கள். ஓரத்தில், அன்று அவள் நின்ற அதே இடத்தில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவளுடைய கால் நகரவில்லை.

“நீ போ தம்பி” என்றாள்.

வீம்பு பிடித்தவள் என்று முனகிக்கொண்டே அவன் கதவைத் திறந்தான். அப்போது பின்தட்டிலிருந்து யம்னா இறங்கினாள். அன்றைய விபத்தில் காறையெலும்பு முறிந்தவள். எலும்பு கூடியதும் மறுபடி அதே வண்டியில் ஏறியவள். இறங்கினால் நாளைக்கு இடம் கிடையாது என்று டிரைவர் எச்சரித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி போயிற்று.

“நானும் தெனம் பயந்துக்கிட்டுத்தான் நின்னேன்” என்றாள் யம்னா. “இறங்குறதுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்துச்சு.”

இஜ்ஜாவுக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. கேரியரில் இதுவரை ஒரு ரொட்டிப் பையைக்கூட வைத்து ஓட்டியதில்லை. “எனக்கு என்னையவே ஓட்டத் தெரியலடி” என்றாள். நடக்கலாம் என்றாள் யம்னா. வளைவைத் தாண்டும்வரை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில், காலையில் ஆள் இறக்கும் வண்டி போய்விட்டால் வேறு வண்டிகள் வருவதில்லை. அங்கே வந்ததும் இஜ்ஜா நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். அங்கியின் கைநுனியால் கேரியரில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். பிறகு யம்னாவைப் பார்க்காமல், உள்ளங்கையால் கேரியரை இரண்டு முறை தட்டினாள்.