கல்வெட்டில் ஏறிய வளர்பிறை

கல்வெட்டு எழுதுகிறவளுக்குச் செத்தவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. அவர்கள் திருத்தம் சொல்ல வருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, கொக்குவிலில் ஓர் அச்சகத்துக்குப் பத்து வருடம் வரை கல்வெட்டு எழுதிக் கொடுத்தேன். கல் ஒன்றும் கிடையாது. செத்தவரின் முப்பத்தோராம் நாளில் வந்தவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். முன்னுக்குப் படம், உள்ளே வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாவற்றுக்கும் முதல் திதி வெண்பா: செத்த மாதத்தையும் பிறையையும் திதியையும் நாலு வரியில் சொல்லிவிட வேண்டும். புலம்பலை ஒருமுறை வாசிப்பார்கள், அல்லது வாசிக்கமாட்டார்கள். திதி வெண்பாவை வருடா வருடம் எடுத்துப் பார்த்துத்தான் திவசம் செய்வார்கள். அது பிழைத்தால், செத்தவர் வருகிற நாளில் வீட்டில் உலை ஏறியிராது.

நீங்களும் அந்தப் புத்தகங்களைப் பந்தியில் விசிறியாகப் பாவித்தவர்கள்தானே. கோபமில்லை. நானும் வீசியிருக்கிறேன்.

மருமகள் புலம்பல்

அச்சுவேலியில் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் போய்விட்டார். மூத்த மகன் வந்து, மருமக்கள் புலம்பல் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு விருத்தம் எழுதினேன். "தந்தையிலும் மேலாகத் தாங்கினீர்" என்று தொடங்கினால் அது தானாக ஓடும், உங்களுக்கும் வரும்.

மூன்றாம் நாள் அந்த மகனின் மனைவி தனியாக வந்தாள். புலம்பலை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இடையில் ஒருமுறை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அழுகிறாளாக்கும் என்று நிறுத்தினேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள். "செத்தவீட்டிலை எனக்குக் கண்ணீர் வரேல்லை ரீச்சர், மச்சாள்மார் எல்லாரும் பாத்தவை. நீங்கள் இன்னும் ரெண்டு பாட்டுக் கூட்டி விடுங்கோ, அச்சிலையெண்டாலும் நான் வடிவா அழுதுபோட்டுப் போறன்."

எழுபத்தாறு

யுத்தத்தால் மின்சாரம் இல்லாத காலம். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற நல்லையா, மத்தியானத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பார். சுற்றுகிற வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவருக்கும் மூச்சு வாங்கும்.

ஒருநாள், தமையனின் கல்வெட்டுக்குப் பிழை பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற தபாலதிபரும் கூட இருந்து கேட்டார். இந்தியாவில் பழைய கதாநாயகர் ஒருவர் மோசமான நிலையில் வைத்தியசாலையில் இருக்கிறார், வயது எழுபத்தாறு என்றது றேடியோ. தபாலதிபர் எழும்பிவிட்டார். "எழுபத்தாறோ? கடைசிப் படத்திலையும் தாயின்ரை மடியிலை படுத்தெல்லோ அழுதவர்! கல்லூரிப் பொடியன் எண்டெல்லோ சொன்னவை!"

"அந்தத் தாய்க்கு இப்ப அறுபது இருக்கும், ஐயா" என்றார் நல்லையா, சுற்றிக்கொண்டே.

கோயிலில் அர்ச்சனை செய்தால் பலிக்குமா, படத்தில் எத்தனை முறை செத்துப் பிழைத்தவர், அந்தக் கணக்கில் இதுவும் போய்விடாதா என்றெல்லாம் இருவரும் கதைத்தார்கள். பிறகு தபாலதிபர் மெல்ல இருந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தமையனின் படத்தையே பார்த்தார். "அவரின்ரை முதல் படத்துக்கு நானும் அண்ணையும் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிச்சுப் போனனாங்கள். சைக்கிளை நிப்பாட்டும் நல்லையா."

குருநகர் அந்தோனி

அந்தோனி கடலுக்குப் போகிறவர். தாயின் நினைவுப் புத்தகத்துக்கு அட்டையில் சிலுவை, உள்ளே செபம் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தித் திதி வெண்பா ஒன்றும் வேண்டும் என்றார். "உங்களுக்குத் திதி இல்லையே தம்பி" என்றேன். தங்கள் பங்குச் சுவாமியாரும் அதையே சொன்னதாக ஒத்துக்கொண்டார். ஆனால் தாய்க்கு முப்பது வருடமாக ஒரு சைவச் சிநேகிதி இருந்திருக்கிறாள். மீன் வாங்காத வீட்டுக்காரி. கடற்கரைப் பக்கம் வந்தால் கதைக்கவே வருவாள்.

அவள் தன் வீட்டுச் சுவாமி அறையில் தாய்க்கும் வருடா வருடம் விளக்கு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம். அவளுக்கு நாள் வேண்டும். எந்தக் கடவுளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தோனி யோசித்து முடித்துத்தான் வந்திருந்தார். "மோட்சத்துக்கு எந்த வாசலாலை போனாலும் காரியமில்லை, ரீச்சர். அந்த மனிசி விளக்கு வைக்கேக்கை எங்கடை அம்மா நாள் தெரியாமல் தெருவிலை நிக்கக்கூடாது."

யமன் வந்த நாள்

கரவெட்டி மார்க்கண்டு என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். பெயர் மார்க்கண்டு, நாற்பது வருடம் மேடையில் ஆடினது யமன். வடமராட்சியில் அவர் பாசக்கயிற்றோடு ஏறினால் முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவர் தம் மனைவி பவளத்தோடு அச்சகத்துக்குள் வந்தபோது நல்லையா தன் முக்காலியை விட்டு எழும்பி நின்றார். பல் போயிருந்தது. புருவத்துக்கு மட்டும் மை தீட்டியிருந்தார்.

தன் கல்வெட்டைத் தான் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டுமாம். வயது எழுபத்தொன்று என்றார். "எழுபத்தெட்டு" என்றாள் பவளக்கா, குடையை மடித்தபடி. அன்று அவள் பேசியது அந்த ஒரு சொல்தான்; மற்ற நேரமெல்லாம் அவரைப் பார்க்க வாசலில் கூடிய சனத்துக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உங்களுக்கு உந்த யமன், திதியிலையெல்லாம் நம்பிக்கை இருக்கோ?" என்று மார்க்கண்டர் என்னைக் கேட்டார். "பாதி நாளுக்கு இருக்கு" என்றேன். "எனக்கு மேடையிலை ஏறினால்தான் இருந்தது. கயிறு என்ரை கையிலை. எருமைக்குள்ளை ரெண்டு பேர். இப்ப ராவிலை யோசிக்கிறன், மெய்யா வாறவர் எப்பிடி இருப்பார் எண்டு." பிறகு, "உங்களுக்கு ஆர் எழுதுவினம்?" என்றார். எனக்கு எழுத ஒருவரும் இல்லை என்பதைச் சொல்லாமல் பேனையைத் திறந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிரியை தமையன் மகன் செய்வான், சோறு சமைக்கிறவள் பவளம் என்றார். வரலாற்றில் அவர் ஆடாத மேடைகளையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். எழும்பும்போது என் மேசையில் உள்ளங்கையை ஊன்றினார். "மற்றதெல்லாம் கூட்டி எழுதுங்கோ, ரீச்சர். நாளை மட்டும் பிழை விட்டிடாதேங்கோ. எண்டைக்குச் சோறு வைக்கிறது எண்டு தெரியாட்டில் யமனும் பட்டினிதான்."

தளை தட்டாத வரி

அந்த ஆவணியிலேயே அவர் போனார். தமையன் மகன் கொண்டுவந்த துண்டில், ஆவணி, தேய்பிறை, பஞ்சமி என்று இருந்தது. அதைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு எழுத இருந்தேன். வந்த வரி இது:

"ஆவணியில் வந்த வளர்பிறையில் ஐந்தாம்நாள்"

சொல்லிப் பாருங்கள். ஒரு வழுக்கலும் இல்லை. வளர்பிறைக்குப் பதில் தேய்பிறை போட்டால் ஓசை முறிந்தது. ஓசையை முதலில் பிடித்துக்கொள்வோம், பிறையைப் பிறகு திருத்துவோம் என்று மற்ற மூன்று வரிகளுக்குப் போனேன். திருத்துவது ஐந்து நிமிட வேலை. முழுப் பாட்டையும் இரண்டு தரம் வாய்விட்டுப் பாடினேன், காதுக்கு ஒன்றும் இடறவில்லை, கொடுத்துவிட்டேன். கடவுளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, என் காதைப் பற்றி இருந்ததில்லை.

தாள் கிடைக்காத நேரம். கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தோம். முப்பத்தோராம் நாளில் வீடு கொள்ளாத சனம், புத்தகம் போதாமல் போய்விட்டது என்று சொன்னார்கள். நல்லையா ஒரு பிரதியைத் தன் மேசை இலாச்சியில் வைத்துக்கொண்டார். "நீங்கள் எழுதினதுகளுக்குள்ளை இதுதான் திறம், ரீச்சர். வாசிக்கேக்கை ஒருக்காச் செத்துப் பாத்தால் என்ன எண்டு கிடக்கு."

பவளக்கா

இரண்டு வருடம் கழித்து, மெய்யாகவே ஆவணி வளர்பிறைப் பஞ்சமியில் போன ஒருவருக்குக் கல்வெட்டுக் கேட்டு வந்தார்கள். செத்துப் பத்து நாளாகியிருந்தது. நல்ல வரியை வீணாக்குவானேன் என்று பழைய கொப்பியைத் திறந்தேன். வரி இருந்தது. ஓரத்தில் என் கையெழுத்திலேயே பென்சில்: தேய்பிறை.

இரண்டு திவசம் பிழைத்துவிட்டது. போன வருடம் அந்த மனிதர் வந்து, குளிர்ந்த அடுப்பைப் பார்த்துப் போயிருக்கிறார். நம்பிக்கை பாதி நாளுக்குத்தான் என்றேனே. அன்று நம்புகிற பாதி. சரியான நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அடுத்த நாள் காலை, மண்ணெண்ணெயில் ஓடிய மினிபஸ்ஸில் நெருங்கி நின்று கரவெட்டிக்குப் போனேன்.

பவளக்கா முற்றத்தில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும் தந்தாள். நான் கொப்பியை மடியில் விரித்து, ஓசையையும் பிறையையும் என் அகங்காரத்தையும் வரிசையாகச் சொன்னேன். அவள் இலை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் ரீச்சர்."

"என்னெண்டு?"

"அவர் போன ராவு நான்தானே கிட்ட இருந்தனான். பத்து மணிக்குப் பிறகுதான் நிலவு வந்தது. வளர்பிறை எண்டால் அதுக்கு முதலே போயிருக்குமெல்லே."

"அப்ப ஏன் சொல்லியனுப்பேல்லை? நான் பிழை எண்டு ஒரு துண்டு அடிச்சு வீடு வீடாக் குடுத்திருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் திருத்திப்போடுவியள்."

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்குள் கேட்டுவிடக்கூடாது என்பது போலச் சொன்னாள். "புத்தகத்து நாளிலை ஊர்ச்சனம் முழுக்க வரும். ஐயர் வருவார், சமைப்பன், சாப்பிட்டுட்டு யமனைப் பற்றியே கதைச்சுப்போட்டுப் போவினம். பதினைஞ்சு நாள் கழிச்சு ஒருத்தருக்கும் தெரியாமல் இன்னொருக்காச் சமைப்பன். அண்டைக்கு அவரும் நானும் மட்டும். அம்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இந்தச் சனம் ஒரு நாளாவது அவரை எனக்குத் தனிய விட்டதில்லை, ரீச்சர். நீங்கள்தான் பிழை விட்டு ஒரு நாள் எடுத்துத் தந்தியள்."

அதற்குப் பிறகும் நிறையக் கல்வெட்டு எழுதினேன், எல்லாவற்றிலும் நாளைப் பஞ்சாங்கத்தோடு மூன்று தரம் ஒத்துப் பார்த்துச் சரியாகவே போட்டேன், ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.