சொல் பிறந்த கதையும் சோழபுரத்துக் குழம்பும்

இங்கிலீஷ் டியூஷன் என்பது, மாணவன் பேச வேண்டிய நேரத்தையெல்லாம் வாத்தியார் பேசித் தீர்க்கும் தொழில். அதில் என்னோடு கஷ்டப்படும் சகோதரர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு வியாதி. ஓர் இங்கிலீஷ் மரபுத்தொடர் கண்ணில் பட்டால், அர்த்தத்துக்கு முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சொன்னதும் கதை மெய்தானா என்று சந்தேகம் வரும். அதையும் சொல்வேன். அதற்குள் நான் ஊர் திரும்பும் பஸ் வந்துவிடும்.

கூரையில் ஏறிய நாய்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கி மாடியில் சாயங்கால வகுப்பு நடத்திவந்தேன். புதிய நூல் மில்லில் வேலை தேடியவர்கள்தான் மாணவர்கள். ஒருநாள் பாடத்தில், 'நாயும் பூனையுமாக மழை பெய்தது' என்று வந்தது. பலத்த மழை என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் சீமைக்குப் போனேன். அங்கே நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருந்து மழையில் வழுக்கி விழுமாம். நாய் எப்படிக் கூரை ஏறும் என்று எனக்கே உறுத்தியது; அதையும் விசாரித்தேன்.

வெளியே நிஜமாகவே இருட்டிக்கொண்டு வந்தது. பருத்திக் கடைக் கணக்கர் ராமசாமி எழுந்து நின்றார்: "சார், நாய் எப்படியும் ஏறிட்டுப் போகுது. நாங்க இப்ப வீட்டுக்கு ஓடணுமா, செத்த நேரம் இருக்கணுமா?"

ஆறிய கறி

சோழபுரம் தேவசகாயத்துக்கு மில் வேலை கிடைத்தால்தான் மாமன் மகள் கிடைப்பாள். மாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மில் மானேஜர் துரை இங்கிலீஷில் கேள்வி கேட்பார் என்பதால்தான் பையன் என்னிடம் வந்து மாட்டினான்.

'கோல்டு ஷோல்டர்' என்றால் முகங்கொடுக்காமல் இருப்பது. வேண்டாத விருந்தாளிக்குச் சீமையில் ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியை வைப்பார்களாம். இதையும் வகுப்பில் விஸ்தாரமாகச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குத் தேவசகாயம் வீட்டில் எனக்கு விருந்து. அவன் அம்மா, கொதிக்கக் கொதிக்கச் சட்டியிலிருந்து நேராக என் இலையில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றினார். பேச்சு சுவாரசியத்தில் அள்ளி வாயில் போட்டேன். நாக்கு வெந்துபோயிற்று.

அந்த அம்மாள் பதறிப்போனார்: "ஆறிப்போனா வேண்டாத விருந்தாளின்னு நெனைச்சிருவீகளாம், இவன் சொன்னான். அதான் சார், மூணு தடவ சுட வச்சேன்!"

கப்பல் கயிறு

இரண்டு நாள் என்னால் பேச முடியவில்லை. 'நீங்களே பேசுங்கள்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். ராமசாமி துரையானார், தேவசகாயம் அவரிடம் வேலை கேட்டான். வகுப்பே மாறி மாறி இங்கிலீஷில் பேசிச் சிரித்தது. நான் இல்லாமலே வகுப்பு நன்றாக நடப்பதை, அந்த வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

நாக்கு ஆறியதும் பழைய குருடி. 'ஷோ த ரோப்ஸ்' என்றால் வேலை பழக்குவது என்பதற்காக, பாய்மரக் கப்பலின் கயிறுகளை ஒரு சாயங்காலம் முழுக்க இழுத்தேன்.

மறுவாரம் துரையைப் பார்த்துவிட்டுத் தேவசகாயம் மாடிப்படியில் ஓடிவந்தான். "வேலை கிடைச்சிருச்சு சார்! 'ஐ வில் ஷோ யூ த ரோப்ஸ்'னாரு. கப்பல் கதை தொண்டை வரைக்கும் வந்துருச்சு. உங்களுக்கு நாக்கு வெந்த அந்த ரெண்டு நாள நெனைச்சுக்கிட்டு, 'தேங்க்யூ சார்'னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

எத்தனையோ சொற்களின் பிறப்பைத் துருவிய நான், இவனுக்கு இங்கிலீஷ் பிறந்த கதையை மட்டும் துருவுவதில்லை. துருவினால் அது சோழபுரத்துக் குழம்புச் சட்டியில் போய் நிற்கும்.