கித்தான் ஒட்டியவன்

ஓசூர் பட்டறையில் ஒழுகும் பஸ் கூரைக்குக் கித்தான் துணி ஒட்டுவது என் வேலை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் கையால் பூசி, துணியை அடுக்கடுக்காகப் படிய வைக்க வேண்டும். நான் ஒட்டியது இரண்டு மழைக்குத் தாங்காது. கொப்புளித்துக் கிளம்பிவிடும்.

"இது கூரையா, சல்லடையா?" என்று டிரைவர் கேலி செய்தார்.

முதலாளி பேரிகைப் பக்கமிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார். அவன் ஒட்டியது நின்றால் கூரை வேலை என்னை விட்டுப் போய்விடும். என்னைவிடப் பத்து வயது இளையவன். குங்கிலியம் ஏறி நகமெல்லாம் மஞ்சளாகப் பளபளக்கும். துணியை விரித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவுவான். அடியில் கடுகளவு காற்று இருந்தாலும் கை அங்கே நின்றுவிடும்.

முதல் துணி முடிந்ததும் சும்மா உட்கார்ந்தான்.

"ஏம்பா, தூக்கமா?" என்றேன்.

"இல்லீங்ணா. விரல் பின்பக்கத்தால தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டணும், ஆனா விரல்ல வரக்கூடாது. அப்பத்தான் அடுத்த துணி. ஈரத்துலயே போட்டா காத்து மாட்டிக்கும்."

இத்தனை வருஷமும் நான் ஈரத்திலேயே போட்டவன். அவன் அதை மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறைத்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு காரியமும் இல்லாமல் அவன் கூரை ஒட்டிய பஸ்ஸில் சூளகிரி வரை போனேன். அவன் ஒட்டிய இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும் என்றிருந்தது.

இறங்கும்போது கழுத்து வலிதான் மிச்சம்.