சித்தியின் வெள்ளை மருந்துப் பாட்டில்

அந்தக் கண்ணாடிப் பாட்டிலில் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளை மருந்து இருக்கும். என் சித்தி அதை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டுதான் கொழுந்து வெட்டப் போவாள். விடியலில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடி, பத்து மணிக்கு வயிறு எரிந்ததும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று ஒரு மடக்கு குடிப்பாள். அரை மணி நேரம் அடங்கும். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர் மாதிரி. அவர் வருஷக்கணக்கில் அதையே ஊற்றிக் கொடுத்தார். "மிளகாயத் தொடாத, எல்லாம் உன் நாக்கு ருசியால வந்தது" என்று ஏசுவார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போய், சித்தி மயங்கி விழுந்தாள். திரிங்காப் ஊர்க் காய்கறி லோரியில் ஏற்றி, மலையிறக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண், இரத்தம் கசிகிறது, மிளகாய் அல்ல, கிருமிதான் காரணம் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாள். அமிலத்தை அடக்க ஒன்று, கிருமியைக் கொல்ல இரண்டு என்று மூன்று வித மாத்திரைகள், இரண்டு வாரத்துக்கு.

நாலாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்காளுக்கும் அதே வயிற்றுவலி. குழம்பு ஊற்றிக் கொடுப்பதுபோல மீதி மாத்திரைகளை அள்ளிக் கொடுத்துவிட்டாள் சித்தி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் எதையும் தனியாகத் தின்றதில்லை. சில வாரத்தில் இரண்டு பேருக்கும் எரிச்சல் திரும்பியது.

டிரஸ்ஸருக்கு ஒரே கொண்டாட்டம். "டவுன் மருந்து கேட்டுச்சா? கடைசியில என்கிட்டதானே வந்து நிக்கிற!" என்று பாட்டிலை நிரப்பி நீட்டினார். சித்தி வாங்கி, அவர் கண்முன்னாலேயே மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"உங்க மருந்து அரை மணி நேரம் நிக்கும். அந்த மாத்திர கிருமியவே கொல்லும்லா. பாதியில விட்டது நான். தப்பு என்னுது, மருந்து மேல இல்ல. நீங்க லீவு எழுதித் தராட்டியும் போவேன்!"

போனாள், அக்காளையும் இழுத்துக்கொண்டு. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று மாத்திரைகளை மாற்றினார். அக்காளையும் சோதித்து அவளுக்கென்று தனியாகக் கொடுத்தார். வாய் கசந்தது, குமட்டியது. இருவரும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பிறகு மூச்சை ஊதவைத்துச் சோதித்தபோது இருவரிடமும் கிருமி இல்லை.

போன வாரம் கம்போங் ராஜாவில் சித்தி வீட்டில் சாப்பிட்டேன். மேசையில் அதே பாட்டில், உள்ளே வினிகரில் ஊறிய சிலி பாடி என்கிற குட்டிக் காரமிளகாய். ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்துவிட்டு, பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"தின்னுலா. அந்த மனுஷன் தொடாதன்னு சொன்னது."