கரண்டு செல்லி

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் செல்லியின் ஊர். அவள் விரலை வைத்தால் ரேஷன் கடையின் கைரேகை மெஷின் அப்படியே நின்றுவிடும். கல்யாணமான புதிதில் கணவர் சென்னப்பன் ஆசையாக வாங்கித் தந்த கைக்கடிகாரம் மூன்றாம் நாளே ஓடவில்லை. கடைக்காரர் கையில் ஓடும். இவள் கையில் ஏறினால் நிற்கும். நூறு நாள் வேலையில் வருகைக்குப் படம் எடுக்கும் போனும் இவள் முறை வரும்போது அணைந்துபோகும். ஊரில் அவளுக்குக் ‘கரண்டு செல்லி’ என்றே பேர் விழுந்துவிட்டது. மாரியம்மன் பண்டிகையில் மைக் செட்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே பெட்டிப் பக்கம் வராதீங்கக்கா என்று கும்பிடுவார். அவளும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள். ஐம்பது வயதுவரை அது வெறும் சிரிப்பாகவே இருந்தது.

போன தை மாதம் குச்சிக்கிழங்குக் காட்டில் சென்னப்பன் மயங்கி விழுந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுத் துடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் பல விஷயங்கள் சொன்னார். செல்லியின் மனதை உறுத்தியது ஒன்றுதான்: செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, அந்த மெஷினுக்கு ஆகாது.

போனுக்கே ஆகாதென்றால் தன் கைக்கு?

அன்றிலிருந்து அவள் அவரைத் தொடவில்லை. அவர் இடது கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குளிக்கத் தண்ணீர் வார்க்கவும் சட்டை மாட்டிவிடவும் தினமும் அவர் தம்பி மாதையனை வரச்சொன்னாள். சோற்றுத் தட்டை எட்ட இருந்தே தள்ளி வைத்தாள். படுக்கையைச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பேச்சுதான் நாளுக்கு நாள் குறைந்தது.

ஒன்றரை மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் கடைசி சீட்டில். ஆஸ்பத்திரியில் மெஷினைச் சரிபார்க்கும் தேவிப்பிரியா அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, வாசலிலேயே நின்ற செல்லியை உள்ளே கூப்பிட்டாள். செல்லி அசையவில்லை.

“அவ வரமாட்டாம்மா. இந்தத் தழும்பப் பாத்ததிலிருந்து அவளுக்கு என்னைக் கண்டா ஆகல” என்றார் சென்னப்பன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

செல்லி கதவைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்திலிருந்து ரேஷன் கடைவரை எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

“எங் கை பட்டு அதுவும் நின்னு போச்சுன்னா நான் என்னாங்க பண்ணுவேன்?”

தேவிப்பிரியா சிரிக்கவில்லை. திரையைச் செல்லி பக்கம் திருப்பினாள். ஓடும் கோடுதான் ஐயாவின் துடிப்பு, போன் விஷயம் வேறு, மனுஷக் கை இதை ஒன்றும் செய்யாது என்று நிதானமாக விளக்கினாள். பிறகு சொன்னாள்:

“நான் இங்கதான் இருக்கேன். கைய வச்சுப் பாருங்கம்மா.”

செல்லி முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வந்தாள். தழும்பின் மேல் மெல்ல வைத்தாள். தோலுக்கடியில் தீப்பெட்டிபோல ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. தேவிப்பிரியா தலையசைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

“இதுக்குத்தான் தள்ளித் தள்ளிப் போனியா புள்ள?” என்றார் சென்னப்பன். “வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு…” என்றாள் செல்லி. அவர் வலது கையைத் தூக்கி அவள் கைமேல் வைத்தார்.

திரும்பும்போது இருவர் சீட்டு கிடைத்தது. சேலம் தாண்டியதும் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் மரத்துப்போனாலும், பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை செல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.