மரியாதையில் விழுந்த விக்கெட்டுகள்

எங்கள் டீமைக் கெடுத்தது ஒரு கல்யாணம். இதை ஊருக்குள் சொன்னால் அடிக்க வருவார்கள். ஐந்து வருஷமாகக் கேப்டனாக இருந்து கத்திக் கத்தியே தொண்டை போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாரத்தில் ஆறு நாள் கருகிப்போன மோட்டார்களைப் பிரித்துச் செப்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஏரிக்கு ஓடுவேன். தண்ணீர் இல்லாத ஏரிதான் எங்கள் கிரவுண்டு. டென்னிஸ் பந்து, பதினோரு பேர்.

எங்கள் ஓப்பனர்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். ஒருவன் பால் வண்டி ஓட்டுகிறான், இன்னொருவன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். பெரிய அடிக்காரர்கள் இல்லை. ஆனால் ரன் ஓடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஒருவன் "வாடா" என்று வாயைத் திறப்பதற்குள் மற்றவன் பாதி பிட்சைத் தாண்டியிருப்பான். வேண்டாம் என்றால் "நில்லுடா எருமை" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிடுவான்.

இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் பால் வண்டிக்காரனின் தங்கச்சியைச் செல்போன் கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பந்தியில் நான்தான் சாம்பார் ஊற்றினேன். ஒரு ஓப்பனர் மச்சானும் இன்னொரு ஓப்பனர் மாப்பிள்ளையும் ஆகிறார்களே, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் மேட்ச் ஏரியூரில். இரண்டாவது ஓவரில் மாப்பிள்ளை பந்தை மெல்லத் தட்டிவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தான்.

"வரட்டுங்களா மச்சான்?"

எதிர்முனையில் நின்றவன் கைகட்டாத குறையாகச் சொன்னான்: "உங்க இஷ்டங்க மாப்ள."

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

இவர்கள் விருந்துக்கு அழைப்பதுபோலப் பேசி முடிப்பதற்குள் ஃபீல்டர் நிதானமாக நடந்து வந்து பந்தை எடுத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டான். ஏரியூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரி, வெளியே வந்து சண்டையாவது போடுவார்கள் என்று பார்த்தேன். "எம்மேலதாங்க தப்பு மாப்ள." "ஐயோ, நாந்தாங்க அவசரப்பட்டேன்." தண்ணீர் பாட்டிலை இவன் அவனிடம் நீட்ட, அவன் இவனிடம் நீட்ட, நான் பிடுங்கி முழுசாகக் குடித்துவிட்டேன்.

அடுத்த மூன்று மேட்சிலும் இதே கதை. நாங்கள் அவுட் ஆவதற்கு எதிர் டீமுக்கு பௌலரே தேவைப்படவில்லை.

போனில் மனப் பயிற்சி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டால் பதற்றம் போகும், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளலாம் என்றார் ஒரு கோச். அதையும் செய்தேன். பதினோரு பேரையும் கருவேல மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஸ்பின்னர் குறட்டை விட்டான். மற்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனப் பயிற்சி அதோடு முடிந்தது.

அப்புறம் ஓப்பனர்கள் இரண்டு பேரையும் தனியாக நிறுத்திச் சொன்னேன். "மூணே வார்த்ததான்டா. எஸ், நோ, வெயிட். இதுல மரியாதையும் இல்ல, மரியாதக் கொறைச்சலும் இல்ல. இங்கிலீஷு."

பால் வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். "எஸ் சொல்லிருவேன்டா. வூட்டு மாப்ளைய நோன்னு எப்படிச் சொல்றது? எங்கம்மா காதுல விழுந்தா என்னா நெனைக்கும்?"

"உங்கம்மாவா வந்து ரன் ஓடப் போவுது?"

"உனுக்குத் தங்கச்சி இல்ல. புரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த மேட்சுக்கு ஒருவனை ஓப்பனிங்கிலும் இன்னொருவனை ஆறாவதாகவும் இறக்கினேன். ரன் அவுட் நின்றது. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தத் தங்கச்சி என் கடை வாசலில் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியது.

"ஏண்ணா, எங்கண்ணனையும் எங்க வூட்டுக்காரரையும் பிரிச்சி வுட்டுட்டீங்களாமே? ரெண்டு வூட்டுக்கும் சண்டையான்னு எங்க மாமியார் என்னக் கேக்கறாங்க."

நான் ஒயரைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வரட்டுங்களா மச்சானில் ஆரம்பித்துத் தண்ணீர் பாட்டில் வரைக்கும். அது சிரிக்கும் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டது.

"வூட்லயும் இதே கூத்துதாண்ணா. அண்ணன் வந்தா நீங்க மொதல்ல சாப்புடுங்க, நீங்க மொதல்லன்னு ரெண்டு பேரும் ஒக்காந்திருப்பாங்க. கொழம்பு ஆறிப்போயிடும். மூணு மாசமா நான் சூடு பண்ணிக்கிட்டே இருக்கேன். அடுத்த மேட்ச்சு எங்கண்ணா? ரெண்டு பேரையும் ஒண்ணாவே எறக்குங்க. நான் வரேன்."

அடுத்த மேட்ச் எங்கள் ஏரியிலேயே, சித்தேரிப் பக்கமிருந்து வந்த டீமோடு. பெண்கள் யாரும் வந்து பார்க்கும் வழக்கமில்லை. அது ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி கொய்யாப்பழம் தின்றுகொண்டே பார்த்தது. மூன்றாவது ஓவரில் மறுபடியும் அதே நாடகம்: வரட்டுங்களா, உங்க இஷ்டங்க. எறிந்த பந்து ஸ்டம்பில் படாமல் போனதால் தப்பித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம்.

"ரெண்டு பேரும் வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? கத்தித் தொலைங்களேன்!"

கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. அம்பயர் கையைத் தூக்கிக்கொண்டே நின்றுவிட்டார். மாப்பிள்ளை குனிந்து, கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

அதற்கடுத்த பந்தைக் கவர் பக்கம் தள்ளிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்தான். பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போயிருந்தது. பால் வண்டிக்காரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அலறினான்.

"வராதடா எருமை!"

மாப்பிள்ளை அப்படியே திரும்பிப் பாய்ந்தான். மார்பு தேய, மண் பறக்க, மட்டையை நீட்டிக்கொண்டு விழுந்தான். நாட் அவுட். எழுந்து சட்டையைத் தட்டினான். மச்சானை நிமிர்ந்து பார்த்தான். இனி இந்த எருமைக்கு இரண்டு வீட்டிலும் யார் பஞ்சாயத்துப் பண்ணுவது?

"கேட்டுச்சிடா," என்றான் மாப்பிள்ளை. "எதுக்கு மாடு மாதிரி கத்தற?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் பத்து ஓவர் வரைக்கும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. ஒன்றை இரண்டாக்கினார்கள், இரண்டை மூன்றாக்கினார்கள். கடைசியில் நான்கு ரன்னில் தோற்றோம். அதற்குக் காரணம் நான்தான். சிங்கிள் எடுத்தால் போதும் என்று எல்லாரிடமும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, நானே கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றி போல்டானேன். தங்கச்சி கடைசிக் கொய்யாப்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பியது.

இப்போது கோட்டுக்கு உள்ளே வாடா போடா, வெளியே காலை வைத்ததும் வாங்க மாப்ள. ரன் அவுட் இல்லை. ஆனால் மூன்று மாசம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துத் திட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் அம்பயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேப்டன், உங்க ஓப்பனருங்க பேசறது காது கொடுத்துக் கேக்க முடியல. கொஞ்சம் மரியாதையாப் பேசச் சொல்லுங்க" என்றார்.

என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.